சொல் ஒன்று, செய்தி பல

ஒருவன் வாயினின்று புறப்பட்ட சொல், கேட்போன் செவியிற் பட்ட அளவிலேயே காற்றோடு கலந்து மறைந்துபோகின்றது. கல்லில் வெட்டிய எழுத்தைப் போலவோ ஓலையிற் கீறிய எழுத்தைப் போலவோ அதனை மீண்டும் எடுத்துக் காட்டுதல் இயலாது. சொன்னவனும் கேட்டவனுமே அதற்குச் சான்று. அவ்விருவரும் வாய் திறவாதபொழுது, அச்சொல் இன்னதுதான் என்று மூன்றாமவன் ஒருவன் அறுதியிட்டு உரைப்பானாயின், அவன் உரையை எங்ஙனம் கொள்வது? அவனைப் போலவே நான்காமவனும் ஐந்தாமவனும் தோன்றி, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து வேறுவேறாக எழுதுவாராயின், படிப்போர் யாரை நம்புவது?

இவ்வினாவை உலகம் முழுதும் ஒரே நேரத்தில் எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள், செருமானிய நாட்டுப் பெர்லின் நகரின் ஒலிம்பிய விளையாட்டரங்கில், உலகக் கிண்ணக் கால்பந்து இறுதிப் போட்டியில் இத்தாலியும் பிரான்சும் எதிர்நின்றன. பிரான்சு அணியின் தலைவர் சினதீன் சிதான். செய்தித்தாள்களில் ஆங்கில எழுத்து வழியே உருமாறி வரும் அப்பெயர், தமிழ் இசுலாமியர் இல்லங்களில் வழங்கும் சைனுத்தீன் என்னும் பெயரேயாகும். அவர்தம் பெற்றோர் அல்சீரியாவின் கபிலி இனத்தார். தம் தாய்மொழிக்கு உரிய இடம் வேண்டி நெடுங்காலம் போராடி, 2016-ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசமைப்பில் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கச் செய்த இனம் அது. சிதான் பிறந்து வளர்ந்தது பிரான்சின் தென்கரை நகரமாகிய மார்செய். அன்றைய ஆட்டமே தம் கடைசி ஆட்டம் என முன்னரே அறிவித்திருந்தார் அவர்.

ஆட்டம் தொடங்கிய ஏழாம் மணித்துளியில் சிதான் ஒரு கோல் அடித்தார். பத்தொன்பதாம் மணித்துளியில் இத்தாலியின் மார்கோ மத்தெராச்சி தலையால் முட்டி அதனைச் சமன் செய்தார். பின்னர் எவரும் கோல் அடிக்கவில்லை. கூடுதல் நேரம் தரப்பட்டது. நூற்றுப் பத்தாம் மணித்துளியில், மத்தெராச்சி சிதானின் சட்டையைச் சிறிது நேரம் பிடித்திருந்து விட்டார். இருவர்க்கும் இடையே சொல்லாடல் நிகழ்ந்தது. முன்னே நடந்து சென்ற சிதான் திரும்பி வந்தார். தம் தலையால் மத்தெராச்சியின் மார்பில் முட்டி அவரைத் தரையில் வீழ்த்தினார். செவ்வட்டை காட்டப்பெற்றுக் களத்தினின்று நீங்கினார். இறுதியில் ஒறுப்புதைகளில் 5-3 என்னும் கணக்கில் இத்தாலி வென்றது.

முட்டியதைக் கோடிக்கணக்கானோர் கண்டனர், அதில் ஐயமில்லை. முட்டுமுன் மத்தெராச்சி என்ன சொன்னார் என்பதைக் கேட்டவரோ ஒருவரே. அவரும் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. ஆயினும் செய்தித்தாள் நாள்தோறும் வெளிவந்தாகல் வேண்டும். தொலைக்காட்சி மணிதோறும் பேசியாகல் வேண்டும். அம்மூன்று நாள் வெற்றிடத்தில்தான் புனைவு புகுந்தது.

பாரிசு நகரில் இனவெறியை எதிர்த்துப் பணியாற்றும் அமைப்பொன்று, நம்பத்தகுந்த வழியில் தனக்குக் கிடைத்த செய்தி எனக் கூறி, செய்தித்தாள்கள் ‘பயங்கரவாதி’ என எழுதும் சொல்லால் சிதான் இழிக்கப்பட்டார் என்றது. பிரேசில் நாட்டுக் குளோபோ தொலைக்காட்சி, வாயசைவு கண்டு சொல் உணர்வாரை அமர்த்திப் படத்தை ஓட்டிக் காட்டிச் சிதானின் உடன்பிறந்தாளே பழிக்கப்பட்டாள் என்றது. இலண்டன் நாளிதழ்களும் இவ்வாறே வாயசைவு நோக்குவாரை அமர்த்தின; அவற்றுள் சில, தாயைப் பரத்தை என்றும் மகனைப் பயங்கரவாதிக்குப் பிறந்தவன் என்றும் பழித்ததாக எழுதின. குடும்பம் முழுமைக்கும் கொடிய சாவு நேர்க என வசைமொழிந்ததாக ஆங்கில ஊடகத்திலேயே இன்னொரு செய்தி உலவியது. ஒரே வாய், ஒரே படம், ஒரே சில நொடி. ஆயின் அதிற் கண்டதாகக் கூறிய சொற்களோ ஒன்றோடொன்று பொருந்தாதவை.

இந்நிலையில்தான் கால்பந்துச் சுவைஞர்கள் வினவத் தொடங்கினர். அவர்தம் வினாக்கள் எளியவை, அறிவுடையவை. முதலாவது, இத்தனை செய்திகளுள் ஒன்று உண்மையாயின் ஏனையவை பொய்யாதல் வேண்டும். பொய் எழுதியவர் அதனை ஏற்றுக் கொள்வாரா? இரண்டாவது, இத்தாலிய மொழி அறியாதார் இத்தாலியன் ஒருவனின் வாயசைவினின்று அவன் சொல்லை எங்ஙனம் உணர்ந்தனர்? மூன்றாவது, படப்பொறி அவ்விருவரையும் பக்கவாட்டிலும் பின்னிருந்தும் காட்டியிருக்க, வாய் தோன்றாத நொடிகளில் சொன்னது எவ்வாறு தெரிந்தது? நான்காவது, பந்தின் பின் நோக்கியிருந்த நடுவர் எலிசோந்தோ முட்டியதைக் காணவில்லை. நான்காம் நடுவராகிய மெதினா கந்தலேகோவே அவர்க்கு அறிவித்தார். அந்நான்காம் நடுவர் தம் கண்ணாற் கண்டாரா, அன்றித் தொலைக்காட்சித் திரையிற் கண்டாரா?

நான்காம் வினாவுக்கும் இருவேறு விடைகளே வந்தன. திரையிற் கண்டே அறிவித்தார் என்பது பிரான்சு அணிப் பயிற்றுநர் தொமெனெக்கின் குற்றச்சாட்டு. நேரிற் கண்டார் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் மறுமொழி. படம் நோக்கித் தீர்ப்பளிக்கும் முறை உலகக் கிண்ணத்தில் புகுந்தது 2018-ஆம் ஆண்டு உருசியாவில்தான்; 2006-இல் அதற்கு இடமில்லை. எனவே அவ்வினா வெறும் வம்பன்று. விதி மீறப்பட்டதா என்னும் முறைவழக்கே அது.

இவற்றுள் இரண்டாம் வினா தமிழறிந்தார் உளங்கொளத்தக்கது. எழுத்துகள் வாயினுள் எவ்விடத்து எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் முறைப்படக் கூறியுள்ளார். ஈரிதழும் பொருந்தப் பிறப்பன பகரமும் மகரமும். மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறப்பது வகரம். உகரமும் ஒகரமும் அவற்றின் இனமும் இதழ் குவியப் பிறப்பன. இவை புறத்தே காணத்தக்கவை. ஆயின் ககரமும் ஙகரமும் அடிநாவும் அடியண்ணமும் பொருந்தப் பிறத்தலின் வாயின் உள்ளே நிகழ்ந்து உள்ளேயே முடிகின்றன. காண்போன் கண்ணுக்கு அவை புலப்படா.

இதனை எவரும் தம் வீட்டுக் கண்ணாடி முன் நின்று ஆய்ந்து கொள்ளலாம். ‘பாலை’ என்றும் ‘மாலை’ என்றும் ஒலியின்றிச் சொல்லிப் பார்க்க. இதழசைவில் வேறுபாடு சிறிதும் இராது. மூச்சு மூக்கின் வழியே செல்வதும் வாயின் வழியே செல்வதுமே வேறுபாடு. அதனைக் கண் காணாது. ‘கரை’, ‘தரை’, ‘நரை’ என்னும் மூன்றையும் அவ்வாறே சொல்லிப் பார்க்க. மூன்றும் ஒன்றே போல் தோன்றும். தாய்மொழியிலேயே இவ்வளவு மயக்கம் உண்டெனின், அறியாத அயன்மொழியில் எத்துணை மயக்கம் நேரும்! செவிப்புலன் இழந்தோர் வாயசைவு நோக்கிச் சொல் உணரும் திறம் பெரிதும் போற்றத்தக்கதே. ஆயின் அத்திறம், மொழியறிவும், பேச்சின் இடமும் பொருளும், எதிர்நின்று முழுமுகமும் காணும் வாய்ப்பும் துணைநிற்கப் பயன்தருவது. அத்துணைகள் இல்லாதவிடத்து, நோக்குவார் எதிர்பார்க்கும் சொல்லே அவர் கண்ணுக்குத் தோன்றும். குறை அத்திறத்தின்மேல் அன்று. ஐயத்தோடு சொல்லத்தக்கதை ஐயமின்றித் தலைப்பாக்கி அச்சிட்ட இதழ்களின் மேலதே.

இனி, அவ்விருவரும் உரைத்தவற்றைக் காண்க. சிதான் சூலை 12-ஆம் நாள் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தோன்றினார். தம் செயலைக் கண்ட சிறுவரிடம் பொறுத்தல் வேண்டினார். ஆயின் தாம் செய்ததற்கு வருந்தவில்லை என்றார். தம் தாயையும் உடன்பிறந்தாளையும் மீண்டும் மீண்டும் பழித்ததாகக் கூறினார். அச்சொற்களை மட்டும் தம் வாயால் திரும்பச் சொல்ல மறுத்தார். மத்தெராச்சியோ, தாம் இழித்துரைத்தது உண்மையே என ஏற்றார்; பயங்கரவாதி எனச் சொல்லவே இல்லை என்றார்; இளமையிலேயே தம் தாயை இழந்தவராதலின் பிறர் தாயைப் பழிப்பது தமக்கு ஒவ்வாதது என்றும் கூறினார்.

சூலை 20-ஆம் நாள் சூரிக்கு நகரில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு உசாவல் நடத்தியது. இழிசொல் நிகழ்ந்தது என்பதிலும், அச்சொல் இனத்தைப் பழிப்பதன்று என்பதிலும் இருவரும் ஒத்தனர். சிதானுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிசுப் பிராங்கு ஒறுப்பும், மத்தெராச்சிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 பிராங்கு ஒறுப்பும் விதிக்கப்பெற்றன. சிதான் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றுவிட்டமையால், தடைக்கு மாறாகச் சிறுவர்க்கான தொண்டில் மூன்று நாள் ஈடுபட ஒப்பினார். 2007-ஆம் ஆண்டில் மத்தெராச்சி தம் சொல்லை முழுமையாக வெளியிட்டார். ‘சட்டை வேண்டுமாயின் ஆட்டம் முடிந்தபின் தருகின்றேன்’ என்று சிதான் கூற, ‘சட்டையைவிட உன் உடன்பிறந்தாளே எனக்கு வேண்டும்’ என்னும் பொருள்பட, இழிசொல்லொன்றும் சேர்த்துத் தாம் விடைகூறியதாக அவர் உரைத்தார். தாயைப் பழித்தது உண்டா என்பதில் இருவர் கூற்றும் இன்றளவும் ஒத்துவரவில்லை. ஆயின் இலண்டன் இதழ்கள் எழுதிய பயங்கரவாதிக் கதையை அவ்விருவருள் எவரும் உண்மை எனச் சொல்லவில்லை. மத்தெராச்சி அவ்விதழ்கள்மேல் வழக்குத் தொடுத்தார். தெய்லி மெயில் முதலிய நாளிதழ்கள் தாம் எழுதியது உண்மையன்று என ஒப்பி, வருத்தம் தெரிவித்து, இழப்பீடும் அளித்தன. சுவைஞர் எழுப்பிய முதல் வினாவுக்கு விடை கிடைக்க இவ்வாறு ஆண்டுகள் கடந்தன. பழி முதற்பக்கத்திற் பெரிய எழுத்தில் வந்தது; திருத்தம் வந்தபொழுது முதலிற் படித்தவருட் பலர் அதனைக் கண்டிரார்.

மெய்ம்மை காணும் வழிகளைப் பண்டைத் தமிழ் அளவைநூலார் காண்டல், கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். பெர்லின் நிகழ்ச்சியில் முட்டியது காண்டல். அதற்குச் சான்று தேட வேண்டுவதில்லை. அதற்குமுன் ஏதோ ஒரு கடுஞ்சொல் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பது கருதல். நடந்து சென்றவர் திரும்பி வந்து முட்டியதே அக்கருத்துக்கு ஏது. இன்ன சொல் என்பது உரை. அதனை உரைத்தற்கு உரியார் இருவரே. செய்தி இதழ்கள் செய்த பிழை யாது? கருதலை உரையாக்கின, உரையைக் காண்டலாக்கின. ‘இவ்வாறு இருக்கலாம்’ என்பது ஓர் இதழில் ‘இவ்வாறு கூறப்படுகிறது’ ஆயிற்று. மறுநாள் வேறோர் இதழில் ‘இவ்வாறு கூறினார்’ ஆயிற்று. மூன்று சொற்றொடர்க்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மாந்தனின் நற்பெயர் அளவினது.

பயங்கரவாதிக் கதையைப் பலர் எளிதில் நம்பியதற்குக் கரணியம் இல்லாமலில்லை. ஐரோப்பிய விளையாட்டரங்குகளில் இனப்பழிப்பு மெய்யாகவே நிகழ்ந்து வந்த காலம் அது. 2005 நவம்பரில் இத்தாலியின் மெசினா நகரில் ஐவரிகோசுட்டு நாட்டு ஆட்டக்காரர் மார்க் சோரோ, தம்மை நிறம் பற்றிப் பழித்த கூட்டத்தைப் பொறாது, பந்தைக் கையில் எடுத்துக் கொண்டு களத்தை விட்டு நீங்க முற்பட்டார். 2006 பிப்ரவரியில் இசுப்பானியாவின் சரகோசா நகரில் கமரூன் நாட்டுச் சாமுவேல் எத்தோவும் அவ்வாறே வெளியேற முனைந்தார். எனவே சிதானும் அவ்வாறு பழிக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ணியது இயல்பே. ஆயின் நிகழக்கூடியது என்பது வேறு. நிகழ்ந்தது என்பது வேறு. மெய்யாக நிகழ்ந்த இனப்பழிப்பை எதிர்க்கும் பணிக்கு, நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கூறுவதைப்போல் ஊறு செய்வது பிறிதில்லை. ஒரு பொய் வெளிப்பட்டால், அதன்பின் வரும் பத்து மெய்களும் ஐயுறப்படும். ஒடுக்கப்பட்டார் பக்கம் நிற்போர் தம் சான்றுகளைப் பிறரினும் மிகுதியாக ஆய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இதழாளரை மட்டும் குறைகூறி அமைதலும் முறையன்று. சுவைஞர்தம் வினாக்களையும் நடுநின்று நோக்குதல் வேண்டும். சிதான்பால் அன்புடையார், அவர் கேட்ட சொல் எத்துணைக் கொடியதோ அத்துணை நன்று என விழைந்தனர். சொல் கொடிதாயின் முட்டியது முறையாகும் அன்றோ? இத்தாலிய அணிக்கு அன்புடையார், அச்சொல் எத்துணை எளியதோ அத்துணை நன்று என விழைந்தனர். எனவே இரு சாராரும் தத்தமக்கு ஆகாத செய்திக்கே சான்று கேட்டனர். ஆகும் செய்தியைச் சான்றின்றியே ஏற்றனர். தன் பண்டத்தை ஒரு கல்லாலும் பிறன் பண்டத்தை வேறு கல்லாலும் நிறுக்கும் வாணிகன் செயல் போன்றது இது. வினவுதல் மட்டும் அறிவாகாது. தனக்கு இனிய செய்தியையும் அதே கடுமையோடு வினவுதலே அறிவு.

அன்றியும், சொல் எதுவாயினும் முட்டியது முட்டியதே. தாயையும் உடன்பிறந்தாளையும் பழித்தல் எம்மொழியிலும் கொடிது. தமிழர்க்கு அதனை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. அப்பழிச்சொல்லால் ஒருவன் உள்ளம் கொதித்தல் உணரத்தக்கதே. ஆயின் உணரத்தக்கது எல்லாம் ஒப்பத்தக்கது ஆகாது. சிதானே சிறுவர்முன் பொறுத்தல் வேண்டியது அதனால்தான். தாம் முட்டியதை அவரே பிழையென உணர்ந்து நிற்க, அவர்தம் அன்பர் அதனை அறம் என நாட்ட முயன்றது அவர்க்குப் பெருமை சேர்ப்பதன்று. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாக் சிராக்கு மறுநாளே அவரை வரவேற்றுப் புகழ்ந்தார். அப்போட்டித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்க்குரிய பொற்பந்தும் அவர்க்கே கிடைத்தது. பல்லாண்டு ஆட்டத்திறத்திற்கு அவை உரியன. ஒரு நொடிச் சினத்திற்கு உரியன அல்ல.

அவ்வொரு நொடியை வாணிகமாக்கியோரும் உளர். தலைமுட்டைப் பற்றிய பாட்டொன்று அவ்வாண்டுக் கோடையில் பிரான்சு முழுதும் விற்றது. சிதானிடம் தாம் உண்மையில் என்ன சொன்னார் என நகைச்சுவையாக இருநூற்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தொகுத்து மத்தெராச்சியே நூல் வெளியிட்டார். 2012-ஆம் ஆண்டில் அம்முட்டை வெண்கலச் சிலையாகவே வடித்துப் பாரிசில் நிறுத்தினர். பின்னர் அது கத்தாரின் தோகா நகர்க்குச் சென்று, எதிர்ப்பு எழவே அகற்றப்பட்டு, 2022-இல் வேறிடத்தில் மீண்டும் வைக்கப்பட்டது. கண்ணாற் கண்ட செயலுக்குச் சிலை எழுந்தது. காதாற் கேளாத சொல்லுக்கோ கதைகளே எழுந்தன.

இந்நிகழ்ச்சியில் தமிழர்க்குத் தனியே ஒரு படிப்பினை உண்டு. சொல் பிறந்தது இத்தாலிய மொழியில். இத்தாலியில் ஐந்தாண்டு ஆடிய சிதானுக்கு அம்மொழி தெரியும், நேரே உணர்ந்தார். பிரெஞ்சு இதழாளர்க்கு அது மொழிபெயர்ப்பு. ஆங்கில இதழாளர்க்கும் அது மொழிபெயர்ப்பு. அயல்நாட்டுச் செய்திகளைப் பெரும்பாலும் ஆங்கிலச் செய்தி நிறுவனங்கள் வழியே பெறும் தமிழ் இதழ்களுக்கோ அது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஆற்றில் மேல்மடையிற் கலந்த கலங்கல் கடைமடை வயலுக்கும் வந்து சேர்தல் இயல்பு. இலண்டன் இதழ் ஒன்று பொய்த்தால், தமிழ் இதழும் தன்னை அறியாமலே பொய்க்க நேர்கின்றது. பொய்த்தது வெளிப்பட்டு இலண்டன் இதழ் இழப்பீடு அளித்த செய்தியேனும் அதே பெரிய எழுத்தில் தமிழில் வருமா எனின், அதற்கும் உறுதியில்லை. தமிழ் மக்கள் உலகை உலகின் மொழிகள் வழியே நேரே காணாது, ஒரே ஒரு பலகணி வழியே காண்பதன் விளைவு இது. இத்தாலியமும் பிரெஞ்சும் அரபும் இசுப்பானியமும் கற்ற தமிழ் இளைஞர்கள் இதழ்ப்பணிக்கு வருதல் வேண்டும்; மூலமொழியினின்று நேரே தமிழிற் செய்தி வருதல் வேண்டும். வழிமொழி ஒன்றையே நம்பியிருக்கும் வரை இக்குறை நீங்காது.

அதுவரையில் படிப்போர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில உண்டு. புகழ்பெற்றார் ஒருவர் பூசலிற் சிக்கினார் எனச் செய்தி வருமாயின், முதலில் யார் கண்டார், யார் கேட்டார் என வினவுக. இரண்டு செய்திகள் மாறுபடின், இரண்டையும் அருகருகே வைத்து, எதிற் பெயரோடு நிற்கும் சான்று உளது, எதில் ‘கூறப்படுகிறது’ என்னும் முகமூடி உளது எனப் பார்க்க. அயன்மொழிச் சொல்லாயின், அது எத்தனை வாய் கடந்து வந்தது என எண்ணுக. உடையார் மறுப்பும் ஒப்புதலும் வெளிவருமளவும் முடிவு கூறாது பொறுக்க. தாம் விரும்புவார்க்கு ஆதரவான செய்தியை மற்றவற்றினும் கடுமையாக ஆய்க. பொய்த்தது எனத் தெளிந்தபின், முன்னர் அப்பொய்யை யாரிடம் சொன்னோமோ அவரிடம் சென்று மெய்யையும் சொல்லுக.

கோவலன்மேற் பொற்கொல்லன் சுமத்திய பழியை, எதிர்த்து ஒரு வினாவும் எழுப்பாது மன்னன் நம்பியதால் மதுரை எரிந்த கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர் தமிழர். அன்று பழிசொன்னவன் ஒருவன், நம்பியவன் ஒருவன். இன்று பழி சொல்லும் வாய்கள் பல. நம்பும் செவிகள் கோடி. வினவும் பொறுப்பும் அக்கோடிப் பேர்க்கும் உரியதாயிற்று. அதனைத் தமிழர் தட்டாது ஏற்பாராக!